கிணற்றில் மணியடிக்கும் போன்

ஆரணியில் இந்த ஆவணியில் ஒரு வதந்தி கிளம்பியது. துரைக்கண்ணு பட்டுக் கடையில் சேலை விற்கும் அன்புச்செல்வி தினமும் காலை பத்து மணிக்குத் தன் செல்போனைக் கிணற்றில் போட்டுவிடுகிறார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு மணிவரை தூங்குகிறார். அப்படித் தூங்கியே ஊரில் எல்லாரையும்விட அதிகமாகச் சேலை விற்கிறார்.

பேருந்து நிலையத்து டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அது "தினம் ஒரு புது போன்" என்று வளர்ந்திருந்தது. கோட்டை மைதானத்தில் காலை நடைக்கு வருகிறவர்கள், காலைவிட வாய்க்கு அதிக வேலை கொடுக்கிறவர்கள், அந்தக் கிணற்றுக்குள் ஒரு அம்மன் இருப்பதாகவும் சேலைக்கு விலை அவள்தான் போனில் சொல்வதாகவும் பேசிக்கொண்டார்கள். போட்டிக் கடைக்காரர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார்: "தூங்குறதெல்லாம் சும்மா சார். உள்ள ஏசி போட்டுகினு இருக்காங்க." இதில் எது குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் ஏசிதான் குற்றம் போலிருந்தது.

நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். கிணறு இருந்தது. போன் இருந்தது. தூக்கமும் ஒரு மாதிரியாக இருந்தது. ஏசி இல்லை. மீதியைத் துரைக்கண்ணு, அன்புச்செல்வி, ஜெயம் அக்கா என்ற மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒத்துப்போன இடங்களை அப்படியே எழுதுகிறேன். ஒத்துப்போகாத இடங்களில் எது நன்றாக இருந்ததோ அதை எழுதுகிறேன்.

துரைக்கண்ணுவின் கடை கடை மாதிரி இருக்காது, வீடு மாதிரி இருக்கும், ஏனென்றால் அது வீடுதான். தெருவிலிருந்து ஏறியதும் முன்னறை. தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்த மெத்தை. சுவர் முழுக்கச் சேலை அடுக்கு. அதைத் தாண்டினால் சின்ன முற்றம், முற்றத்தில் கிணறு. பின்கட்டில் நான்கு தறிகள். தறிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பதால் அந்த வீட்டில் யார் காதிலும் அது விழுவதில்லை. நெய்கிறவர்கள் சாப்பிட எழுந்து சத்தம் நின்றால்தான், என்னவோ சத்தம் கேட்டதுபோல எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் போனபோது பத்தாக ஐந்து நிமிடம். அன்புச்செல்விக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பட்டு விற்கிறவர் கட்டியிருந்தது வெளிறிய காட்டன் சேலை. போனை ஒரு டிபன் பாக்ஸில் வைத்து மூடினார். டிபன் பாக்ஸை வாளியில் வைத்தார். வாளியைக் கிணற்றில் இறக்கினார். ராட்டினம் கிறீச்சிட்டது. தண்ணீர் வற்றிப் பல வருடமான கிணறு, அடியில் சருகுதான். வாளி அதன்மேல் மெத்தென்று போய் உட்கார்ந்தது.

"ஆஃப் பண்ணி வெச்சா போதாதாங்க?" என்றேன்.

"ஆஃப் பண்ணா கை சும்மா இருக்காது சார், தானா போயி ஆன் பண்ணிடும். கெணத்துல இருந்துச்சின்னா எழுந்து வரணும், கயிறு இழுக்கணும். எனக்கு அவ்ளோ சுறுசுறுப்பு கெடையாது. சோம்பேறித்தனந்தான் சார் என்னைக் காப்பாத்திகினு இருக்குது."

சொல்லிவிட்டு உள்ளே போனார். "பன்னெண்டுக்கு மேல பேசலாங்க" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். மரியாதையாகச் சாத்திய கதவைத் தட்டுவது கஷ்டம்.

முற்றத்தில் துரைக்கண்ணுவுடன் உட்கார்ந்திருந்தேன். கிணற்றுக்குள் போன் அடித்தது. டிபன் பாக்ஸும் கிணறும் சேர்ந்து அந்தச் சத்தத்தை மழைக்காலத் தவளைபோல ஆக்கியிருந்தன. ஒவ்வொரு முறை அது கத்தும்போதும் துரைக்கண்ணு நாற்காலியில் ஓர் அங்குலம் எழுந்து உட்கார்ந்தார்.

"அது சிங்கப்பூரா இருக்கும் சார்," என்றார் முதல் மணிக்கு.

"அது பெங்களூரு. பெரிய பார்ட்டி," என்றார் அடுத்ததற்கு.

"அய்யோ, அது யாருன்னே தெரியலியே!" இதுதான் அவரை மிகவும் வாட்டியது.

பன்னிரண்டு மணிக்கு வாளி மேலே வந்தது. ரோஜாப் பூவுடன் காலை வணக்கம் ஏழெட்டு. எந்தச் சேலை என்று சொல்லாமல் "விலை?" என்று கேட்டவர்கள் நான்கு பேர். போன வாரம் இருபது படம் வாங்கிப் பார்த்த ஓர் அம்மாள், "இதே மாதிரி, ஆனா வேற மாதிரி" என்று கேட்டிருந்தார். ஒருவர் ராங் நம்பர். அவர் மட்டும் மன்னிப்புக் கேட்டிருந்தார். அன்புச்செல்வி சுவரில் சாய்ந்து நின்று அரைமணி நேரத்தில் எல்லாருக்கும் பதில் போட்டு முடித்தார். துரைக்கண்ணுவின் பெங்களூரு, இந்த வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவராக முடிந்தது.

அந்த இரண்டு மணி நேரம் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டுமானால், மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்த ஊர்ப் பட்டு வியாபாரத்தில் ஒரு மரியாதை உண்டு. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்கள் எழுந்து போகும்போது, மெத்தைமேல் விரித்துப்போட்ட சேலைகள் மலையாகக் குவிந்திருக்க வேண்டும். மலை சின்னதாக இருந்தால் "நம்மள மதிக்கல" என்று வந்தவர்கள் நினைப்பார்கள். "இவ உழைக்கல" என்று முதலாளி நினைப்பார். அதனால் விற்கிறவர்கள் கேட்டதையும் விரிப்பார்கள், கேட்காததையும் விரிப்பார்கள், வேண்டாம் என்றதை இன்னொரு முறை விரிப்பார்கள்.

தேவிகாபுரம் பக்கத்தில் கூலி வேலை செய்த அப்பா அம்மாவுக்குப் பிறந்த அன்புச்செல்வி, பத்தாம் வகுப்பு முடித்ததும் ஆரணிக்கு வந்து சேர்ந்தது அந்த மலையின் அடிவாரத்தில்தான். சேலை மடிக்கிற வேலை. விரிப்பதற்கு ஒரு உதறல் போதும். மடிப்பதற்கு இரண்டு பேர், நான்கு கை, பொறுமை எல்லாம் வேண்டும். பல வருடம் மடித்தார். மடிக்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே அவர் எல்லாரையும் பார்த்தார்.

"நூறு சேலை பாப்பாங்க சார். பாத்துட்டு, 'மொதல்ல ஒண்ணு காட்டினீங்களே, அது எங்க'ன்னு கேப்பாங்க. அது மலைக்கு அடியில கெடக்கும். நான்தான் தோண்டி எடுப்பேன். தோண்டும்போதெல்லாம் ஒண்ணு தோணும். இதைத்தான் எடுக்கப் போறாங்கன்னு மின்னாடியே தெரிஞ்சா, மீதிய எதுக்கு விரிக்கணும்?"

முன்னாடியே தெரிவதற்கு ஒரே வழி, கல்யாணத்தை முன்னாடியே பார்த்துவிடுவது. அதைத்தான் அவர் பத்திலிருந்து பன்னிரண்டு வரை செய்கிறார்.

மெத்தையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மின்விசிறி சுற்றும். அடுக்குகளிலிருந்து புதுப் பட்டின் வாசனை மெதுவாக இறங்கி அவர்மேல் படியும். பின்கட்டில் தட்டும் தறி, கொஞ்ச நேரத்தில் தறியாக இல்லாமல் மேளமாகிவிடும்.

"மொதல்ல லைட்டு போடுவேன் சார். எந்த மண்டபம்னு தெரிஞ்சா லைட்டு தெரிஞ்சிடும். அப்பால மேளம். அப்பால ஒவ்வொருத்தரா வந்து உக்காருவாங்க. பொண்ணு மட்டும் ரூமுக்குள்ள இருக்கும். அது கதவைத் தொறந்துகினு வர்ற வரைக்கும் நான் எழுந்துக்க மாட்டேன். எந்தச் சேலையில வருதோ, அதான்."

அப்படி ஆளுக்கு நான்கு சேலை எடுத்துத் தனியாக வைப்பார். வந்தவர்கள் முன்னால் அந்த நான்கைத்தான் விரிப்பார். பெரும்பாலும் மூன்றாவதில் கை நிற்கும். மற்றக் கடைகளில் ஒரு குடும்பம் முதல் மலை ஏறி முடிப்பதற்குள் இங்கே இரண்டு குடும்பம் பை நிறைய எடுத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருக்கும். இதைத்தான் ஊர் தூக்கம் என்று சொன்னது. தூங்கவில்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கதவிடுக்கில் ஒருமுறை குறட்டை கேட்டது. மேளத்துக்கு நடுவில் ஒத்து ஊதுகிறவராகவும் இருக்கலாம்.

நான் அங்கே போய் உட்கார்ந்ததில் ஒரு கெடுதல் நடந்தது. துரைக்கண்ணுவுக்குப் பயம் வந்துவிட்டது.

"இன்னா அன்பு, நான் சம்பளம் குடுத்துத் தூங்க வெக்கிறேன்னு ஊரே சிரிக்குது. இப்போ பேப்பர்ல எழுதறவரும் வந்துட்டாரு. பேஜாராக்கீது எனக்கு."

"நல்லா விக்குதே மொதலாளி."

"விக்குது. ஆனா நீ படுத்துகினு இருக்கியே! எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கண்ணமங்கலம் அரிசி மண்டி பிரபாகரன் பொண்ணு கல்யாணம், ஐப்பசில. வர்ற வெள்ளிக்கெழம வேன்ல வர்றாங்க. முப்பது சேலைக்கு மேல எடுப்பாங்க. அவங்க எடுக்காம எழுந்து போயிட்டாங்கன்னா, அந்தப் போன கெணத்துலருந்து தூக்கி இடுப்புல கட்டிக்கணும். பத்து மணிக்கு எல்லார மாதிரியும் மெத்தையில உக்காந்து மலை போடணும். சரியா?"

"எடுத்துட்டாங்கன்னா?"

"பத்துலருந்து பன்னெண்டு உன்னுது. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

"இருமல்?"

"இன்னா இருமல்?"

"கதவுகிட்ட வந்து நின்னு இருமுறீங்களே."

துரைக்கண்ணு வந்த இருமலை விழுங்கினார். "அதுவும் கெடையாது," என்றார், பெரிய சொத்தை எழுதிக் கொடுப்பவர்போல.

அன்புச்செல்விக்கு அதற்குமேல் வேறெதுவும் வேண்டாம். வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று இருக்கும் இரண்டு மணி நேரம் அது. அதைக் காப்பாற்றப் போனைக் கிணற்றில் இறக்கியாயிற்று. துரைக்கண்ணுவைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்தாயிற்று. கிணற்றில் இறக்க முடியாத ஒருவரையும் அவர் ஏற்கெனவே துரத்தியிருந்தார். அந்த ஒருவர்தான் ஜெயம் அக்கா.

ஜெயம் அக்கா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநரின் மனைவி. கணவர் டிக்கெட் கிழித்த வழித்தடம் முழுக்க இவருக்குப் பழக்கம். கண்ணமங்கலம், படவேடு, தேவிகாபுரம், போளூர் என்று எந்த ஊரில் கல்யாணம் நடந்தாலும், பத்திரிகை வந்தாலும் வராவிட்டாலும், ஜெயம் அக்கா முன்வரிசையில் இருப்பார். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கெல்லாம் துரைக்கண்ணு கடைக்கு வந்துவிடுவார். வாங்க அல்ல, விரிப்பதைப் பார்க்க. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு சேலை வாங்கினார், அதையும் மாற்றிக்கொண்டார்.

"வாங்குறவளுக்கு ஒரு சேலைதான் சொந்தம். பாக்குறவளுக்கு அத்தினியும் சொந்தம்," என்பது அவர் கட்சி. பார்த்துக்கொண்டே பேசுவார். யார் வீட்டில் யார் யாருடன் பேசுவதில்லை, எந்த மண்டபத்தில் எந்தச் சேலை விளக்கடியில் சோர்ந்து போயிற்று, தன் முழங்கால் எந்தப் படியில் வலித்தது, எல்லாம் கலந்து வரும். முழங்கால்தான் அதிகம்.

ஆவணி பிறந்த அன்று அன்புச்செல்வி அவரிடம் சொல்லிவிட்டார்.

"யக்கா, இனிமே பன்னெண்டுக்கு மேல வாங்கக்கா. பத்துலருந்து எனக்கு வேலை இருக்குது."

"இன்னா வேலை? படுத்துகினு கெடக்கிறதா?"

"ஆமாக்கா."

"எனக்கே டைம் டேபிளா? எங்க வூட்டுக்காரரு பஸ்ஸுக்கே டைம் டேபிள் பாக்காம விசில் ஊதினவருடி!"

"கோச்சிக்காதீங்கக்கா."

"சரி, போறேன். மேல் தட்டுல ஒரு மயில்கழுத்து வந்திருக்குதே, பெரிய பார்டரு, அதை மட்டும் ஒரு வாட்டி விரிச்சிக் காட்டு. போயிடறேன்."

அப்போது மணி சரியாகப் பத்து. வாளி காத்துக்கொண்டிருந்தது. "நாளைக்குக் காட்டறேன்கா," என்றார் அன்புச்செல்வி.

ஜெயம் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. போனும் இல்லாமல் அக்காவும் இல்லாமல் அந்த இரண்டு மணி நேரம் குளிர்ந்த பானைத் தண்ணீர்போல இருந்தது. ஊர் வாய் பிளந்ததும் வதந்தி கிளம்பியதும் அந்த நாட்களில்தான். ஆனால் பிரபாகரன் வீட்டுக் கல்யாணத்தைப் பார்க்க அன்புச்செல்வி கண்ணை மூடியபோது ஏதோ கோளாறு. மண்டபம் வந்தது. விளக்கு எரிந்தது. மேளமும் கேட்டது. ஆனால் வந்து உட்கார்ந்தவை சேலைகள் மட்டும். தலை இல்லை. முகம் இல்லை. கொசுவம் வைத்த பட்டுச் சேலைகள் வரிசையாக நடந்து வந்து, நாற்காலிகளில் அமர்ந்து, ஒன்றுக்கொன்று எதுவும் பேசாமல் இருந்தன. மணப்பெண்ணின் கதவு திறக்கவே இல்லை.

மின்விசிறியை மெதுவாக வைத்துப் பார்த்தார். தலையை வடக்கிலிருந்து கிழக்குக்கு மாற்றிப் படுத்தார். காலையில் தோசையை நிறுத்திவிட்டு இட்லி சாப்பிட்டார். மறுநாளும் சேலைகள்தான் வந்தன. அவற்றில் ஒன்று மட்டும் நொண்டிக்கொண்டே வந்தது. முழங்கால் வலிபோல.

அன்புச்செல்வி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கல்யாணங்களில் இத்தனை நாள் முகங்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தது யார் என்று அப்போதுதான் புரிந்தது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, தன்னுடைய பூட்டிய நேரத்தின் நட்டநடுவில், கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். முற்றத்தில் துரைக்கண்ணு எழுந்து நின்றுவிட்டார். "எழுந்துட்டியா? ஒடம்பு இன்னா?" என்றார். அதற்குள் அன்புச்செல்வி தெருமுனையைத் தாண்டியாயிற்று.

ஜெயம் அக்கா வீட்டு இரும்புக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"யக்கா! அன்பு வந்திருக்கேன்கா."

"சீரியல் ஓடுது. பன்னெண்டுக்கு மேல வா."

"யக்கா, கொஞ்சம் அவசரம்..."

"இன்னா அவசரம்? எனக்கும் வேலை இருக்குது. உக்காந்துகினு இருக்கேன்."

அன்புச்செல்வி வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே யாரோ அழுதார்கள், யாரோ சபதம் போட்டார்கள், நடுவில் சோப்பு விளம்பரம் வந்தது. வெயில் காலடியிலிருந்து முழங்கால் வரை ஏறியது. அடுத்தவர் நேரம் முடியக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்று தெரிந்தது. ரொம்ப நீளமாக இருந்தது என்றார்.

பன்னிரண்டுக்குக் கதவு திறந்தது.

"இன்னாடி வெயில்ல உக்காந்துகினு கீற? மண்டை காஞ்சிடும். உள்ள வா," என்றார் ஜெயம் அக்கா, இவரை உட்கார வைத்தவர் வேறு யாரோ என்பதுபோல. "கண்ணமங்கலத்துக் கல்யாணமா? அத்த இன்னும் நீ பாக்கலியா?"

"யாரு மூஞ்சியும் வர மாட்டேங்குதுக்கா."

"எப்படி வரும்? என்னைத்தான் தொரத்திட்டியே." அதோடு கோபம் முடிந்தது. கதை தொடங்கியது. "பிரபாகரனுக்கு ரெண்டு தங்கச்சிங்க. ஒருத்தி படவேட்டுல, ஒருத்தி போளூர்ல. ரெண்டு பேருக்கும் பேச்சே கெடையாது. எல்லாம் ஒரு பலா மரத்தால. அப்பா வூட்டு மரம், யாருக்கு எத்தினி பழம்னு சண்டை. மரத்தையே வெட்டிட்டாங்க, சண்டை மட்டும் அப்படியே நிக்குது. நான் அந்த வூட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேனே, படி ஏறும்போதுதான் இந்த முட்டி மொதமொதல்ல 'மளுக்'குன்னுச்சு..."

"அப்புறம்க்கா?"

"அப்புறம் இன்னா, தைலம் தடவினேன்."

அன்புச்செல்வி முழங்காலையும் சேர்த்து முழுசாகக் கேட்டார். பெண் துர்கா எப்படி என்றதற்கு, "படிச்ச பொண்ணு, காலேஜ்ல வேலை. பார்டரே புடிக்காதாம், ஒல்லியா இருக்கணுமாம்," என்று ஜெயம் அக்கா அடித்துச் சொன்னார். கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "அந்த மயில்கழுத்து இருக்குதில்ல?" என்றார்.

"இருக்குதுக்கா. நாளைக்கு வாங்க, காட்டறேன்."

"நாளைக்குப் போளூர்ல கல்யாணம், மறுநா படையலு. சனிக்கெழம வரேன். எடுத்து வெய்யி."

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போன் கிணற்றில் இறங்கியது. கண்ணை மூடியதும் மண்டபம் நிறைந்துவிட்டது. பாதி பேர் தைலம் மணந்தார்கள், பரவாயில்லை. இடது ஓரத்தில் படவேட்டு அத்தை, வலது ஓரத்தில் போளூர் அத்தை. இருவரும் மேடையைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் எதிர் ஓரத்துச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. மெத்தை நிறைந்தது. அத்தைகள் இருவரும் கனவில் உட்கார்ந்தபடியே ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். சுவரோரம் நின்றிருந்த துரைக்கண்ணு, மெத்தைமேல் மலை வளராததைப் பார்த்துப் பார்த்துக் கையைப் பிசைந்தார். பிரபாகரனுக்கே தாங்கவில்லை.

"இன்னாங்க, நாலு நாலா காட்டறீங்க? நாங்க வேன் வெச்சிகினு வந்திருக்கோம்!"

"வேனுக்குச் சேலை எடுக்கலீங்களே. அத்தைங்களுக்குத்தான எடுக்கறீங்க," என்றார் அன்புச்செல்வி. சொல்லிவிட்டு இரண்டே இரண்டு சேலைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஒன்று பழுத்த மாம்பழ நிறம், இன்னொன்று கத்தரிப்பூ நிறம்.

"ரெண்டும் ஒரே பாவுல நெஞ்சதுங்க. நீளத்துக்கு ஓடுற நூலு ரெண்டுலயும் அதே செவப்பு. குறுக்க ஓடுற நூலு மட்டும் வேற, ஒண்ணு மஞ்சா, ஒண்ணு நீலம். ஒரே தறி, ஒரே கை, ஒரே எடை. ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு மட்டம்னு யாராலயும் சொல்ல முடியாது."

படவேட்டு அத்தை கை நீட்டித் தொட்டார். போளூர் அத்தையும் தொட்டார். "எனக்கு எது?" என்று இருவரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

"அத நீங்க ரெண்டு பேருந்தாங்க பேசி முடிக்கணும்," என்றார் அன்புச்செல்வி.

படவேட்டு அத்தைதான் எழுந்துவிடுவார் போலிருந்தது. அவர் எழுந்தால் வேனே எழுந்துவிடும். கடைசியில் போளூர் அத்தை, யாரையும் பார்க்காமல், மாம்பழத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

"நீ இத எடுத்துக்க. உன் கலருக்கு எடுப்பா இருக்கும்."

"உனக்கு?"

"எனக்கு அது போதும்."

துரைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டார். விலைச் சீட்டைப் பார்த்தும் இருக்கலாம்.

மிச்சம் துர்கா. அவளுக்கு எடுத்து வைத்திருந்த நான்கும் ஒல்லி பார்டர். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள், எதையும் தொடவில்லை.

"ஏங்க, என்னைப் பாத்தா எல்லாரும் ஏன் ஒல்லி பார்டரே எடுத்துப் போடறீங்க? காலேஜுக்குத்தான் நான் இப்படிப் போறேன். ரிசப்ஷனுக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கவா போறேன்?" பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "காஞ்சிபுரத்துல பாத்துக்கலாம்ப்பா."

ஜெயம் அக்கா தைலத்தில் தவறியதில்லை, பார்டரில் தவறிவிட்டார். துரைக்கண்ணு, மலை போடு, மலை போடு என்று சைகை காட்டினார். அன்புச்செல்வி அத்தனை பேர் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்கிட்டாங்களா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமாங்க," என்றார் துரைக்கண்ணு, செத்த குரலில்.

இந்த முறை மேளம் உடனே வந்தது. எதிரில் இருக்கும் பெண்ணின் குரலையே முகமாக வைத்துக்கொண்டு கதவு திறந்தது. அன்புச்செல்வி எழுந்து ஸ்டூலைப் போட்டு மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். முந்தானையைப் பிடித்து ஓர் உதறு. மயில்கழுத்து அறையைத் தாண்டிப் பறந்து மெதுவாக இறங்கியது. இறங்கும்போது ஒரு பக்கம் நீலமாக இருந்தது, ஒரு பக்கம் பச்சையாக இருந்தது, நடுவில் எதுவாகவும் இல்லாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. முழங்கை அகலப் பார்டர் கடைசியாக வந்து துர்காவின் மடியில் விழுந்தது. அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

சேலை காற்றில் இருந்தபோதுதான் அன்புச்செல்விக்கு ஜெயம் அக்கா ஞாபகம் வந்தது. அதற்குள் விரிந்துவிட்டது.

முப்பத்து மூன்று சேலைகளுக்கு பில் போட்டார்கள். பில் போட்டு முடிவதற்குள் அத்தைகள் இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், பலா மரத்தைப் பற்றி. வேனில் ஏறும்போது பழைய சண்டை புதிதாகத் தொடங்கியிருந்தது. அதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. சேலைகள் பைக்குள் போய்விட்டன. அன்று முதல் துரைக்கண்ணு முற்றத்தில் இருமுவதில்லை. தெருவுக்குப் போய் இருமிவிட்டு வருகிறார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஜெயம் அக்கா வந்து மெத்தையில் உட்கார்ந்தார். ஒன்பதிலிருந்து பத்து வரை இனி அவர் நேரம் என்று அன்புச்செல்வி சொல்லியனுப்பியிருந்தார். "இதுவும் வேலையா?" என்று கேட்ட துரைக்கண்ணுவுக்கு, "இதுதாங்க சரக்கு எறக்குற நேரம்," என்று பதில் கிடைத்தது. நானும் ஒரு மூலையில் இருந்தேன்.

"எங்கடி மயில்கழுத்து?"

"வித்துட்டேன்கா."

ஜெயம் அக்கா மேல் தட்டை அண்ணாந்து பார்த்தார்.

"விரிச்சியா?"

"விரிச்சேன்கா."

"எப்படி விழுந்துச்சு?"

"சொல்ல முடியலக்கா. ஐப்பசில அந்தப் பொண்ணு கட்டிகினு வரும், பாருங்களேன்."

"கட்டினத பாக்கறதும் விரிக்கறத பாக்கறதும் ஒண்ணாடி? அதுவும் நான் கேட்டது. நான் கேட்டப்போ நாளைக்குன்ன."

அன்புச்செல்வி எழுந்தார். மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து உதறினார். கிளிப்பச்சை. ஜெயம் அக்கா தலையை ஆட்டினார். இன்னொன்று, வெங்காயத் தோல் நிறம். "இது இல்ல." இன்னொன்று. இன்னொன்று. ஆளுக்கு நான்குக்குமேல் விரிக்காதவர், ஒரு சேலையும் வாங்கப்போகாத ஒருவர் முன்னால், மெத்தைமேல் ஒரு மலையையே எழுப்பிவிட்டார். நல்ல உயரமான மலை. துரைக்கண்ணு கதவருகே நின்று அதை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது," என்றார் ஜெயம் அக்கா. "ஆனா பாக்கி பாக்கிதான்."

மணி பத்தானது. அன்புச்செல்வி போனை டிபன் பாக்ஸில் வைத்தார். ஜெயம் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் படி இறங்கினார்.

அதே மயில்கழுத்தில் இன்னொன்று நெய்யப் பின்கட்டில் சொல்லியிருப்பதாக அன்புச்செல்வி சொல்கிறார். அப்படி யாரும் சொல்லவில்லை என்கிறார் துரைக்கண்ணு. தறியில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்கப் போனேன். பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கமும் யாரையும் விடுவதில்லையாம். கிணற்றுக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது.